அப்பா கேட்ட பாலமும் நான் கட்டிய கழிப்பறையும்

சிலர் பெயரைச் சொல்லக் கோவிலில் ஒரு டியூப்லைட் இருக்கும். (உபயம் என்று பெரிதாக எழுதி வெளிச்சத்தையே மறைத்திருப்பார்களே, அது.) சிலர் பெயரைச் சொல்ல பஸ் ஸ்டாப்பில் சிமெண்ட் பெஞ்சு இருக்கும். என் பெயரைச் சொல்ல ஒரு கழிப்பறை இருக்கிறது. வாய்க்காலுக்கு அக்கரையில், சுடுகாட்டை ஒட்டி, நீலமும் வெள்ளையுமாக டைல்ஸ் பதித்து, கல்வெட்டில் என் பெயரோடும் எம்.காம். பட்டத்தோடும் நிற்கிறது. கட்டிய நாளிலிருந்து இன்றுவரை அதில் ஒருவரும் ஒன்றுக்குக்கூடப் போனதில்லை.

எங்கள் ஊர் காவிரியின் கடைமடை. மேட்டூரில் தண்ணீர் திறந்து மலர் தூவுவதை டிவியில் பார்த்துவிட்டு நாங்கள் காத்திருக்க ஆரம்பிப்போம். வழியில் உள்ள ஊரெல்லாம் குடித்து, குளித்து, நாற்று விட்டு முடித்த பிறகு, மிச்சம் இருந்தால் எங்கள் பக்கம் வரும். அரசாங்கப் பணமும் இதே வழியில்தான் வரும் என்பது தலைவர் நாற்காலியில் உட்காரும்வரை எனக்குத் தெரியாது.

தலைவர் என்றால் ஊராட்சி மன்றத் தலைவர். எங்கள் சனங்களில் ஒரு பெண்தான் நிற்க முடியும் என்று அந்த முறை ஊரை ஒதுக்கிவிட்டார்கள். தாத்தா காலம்வரை பண்ணை வேலை, அப்பா காலத்தில் சொந்தமாகச் சில மா நிலம், என் காலத்தில் எம்.காம். என்று ஏறி வந்த குடும்பம் எங்களுடையது. உள்ளூரிலேயே கல்யாணமாகி, பிள்ளையும் பிறந்து, கும்பகோணத்தில் ஒரு பாத்திரக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். "குடத்துக்குக் கணக்கு எழுதுற புள்ள ஊருக்கு எழுத மாட்டாளா?" என்று தெருவே கூடி என்னை நிறுத்தியது. எனக்கும் ஆசைதான். படித்த பெண் கையெழுத்துப் போட்டால் பணம் பேசும் என்று நம்பிய வயது.

வேட்புமனு போட்டுவிட்டு வந்த அன்று அப்பா ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஆயி, எனக்கு ரோடு வேணாம், லைட்டு வேணாம். கோரை வாய்க்கால்ல ஒரு பாலம் போட்டுரு. நான் சாவுறதுக்குள்ள."

"அப்படியெல்லாம் பேசாதப்பா."

"பேசாம? எங்கப்பாவ மார்மட்டும் தண்ணியில தூக்கிட்டுப் போனோம். நடுவாய்க்கால்ல எவனுக்கோ கால் வழுக்கி, பாடை சாஞ்சி, மனுசன் ஒரு முங்கு முங்கி எந்திரிச்சாரு. உசுரோட இருந்தவரைக்கும் அவருக்குத் தண்ணின்னாலே பயம். நான் நனையாமப் போவணும், அவ்வளவுதான்."

கோரை வாய்க்கால் எங்கள் தெருவுக்குக் கிழக்கே ஓடுகிறது. எங்கள் சுடுகாடு அதற்கு அக்கரையில். கோடையில் வாய்க்கால் காய்ந்து கிடக்கும்போது செத்தால் பிரச்சனை இல்லை, இறங்கி ஏறிப் போய்விடலாம். தண்ணீர் வந்தபின் செத்தால் இடுப்பளவு, கார்த்திகை மழையில் செத்தால் மார்பளவு. நடுத்தெருவைச் சுற்றிக்கொண்டு போனால் நல்ல கான்கிரீட் பாலம் ஒன்று உண்டு. ஆனால் நடுத்தெரு வழியாக எங்கள் பாடை போனதில்லை. ஏன் என்று கேட்டால் பேச்சுவார்த்தைக்குத் தாசில்தார் வருவார், போலீஸ் வேன் வரும், பிணம் மட்டும் அங்கேயே கிடக்கும். நடுத்தெருக்காரர்களின் சுடுகாட்டுக்கு சிமெண்ட் சாலையும் விளக்கும் இருக்கின்றன. அவர்கள் பிணம் வெளிச்சத்தில் போகும், எங்கள் பிணம் நீந்திப் போகும்.

"சத்தியமா போட்டுர்றேன்ப்பா" என்றேன். ஜெயித்தேன்.

பதவியேற்ற சில நாளில் ஊராட்சி அலுவலகக் கம்ப்யூட்டரில் வங்கிக் கணக்கைத் திறந்து பார்த்தேன். பாத்திரக் கடையில் தீபாவளி மாதத்தில்கூட நான் பார்க்காத தொகை. எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்து வந்த கிராம சபையில், பள்ளிக்கூட வேப்பமரத்தடியில், மைக்கைப் பிடித்து முழங்கினேன்.

"பணம் இல்ல பணம் இல்லன்னு இத்தனை வருஷம் சொன்னாங்க. பணம் இருக்கு. நானே கண்ணால பாத்தேன். வர்ற ஆடிக்குள்ள கோரை வாய்க்கால்ல பாலம்!"

கைதட்டல் அடங்கவே இல்லை. அப்பா விசில் அடித்தார். எனக்குப் பின்னால் நின்ற ஊராட்சி செயலர் குணசேகரன் மட்டும் தொண்டையைக் கனைத்தார். அவர் பல தலைவர்களைப் பார்த்தவர். ஒவ்வொருவரும் முதல் கிராம சபையில் இப்படித்தான் முழங்குவார்கள் போலிருக்கிறது, அதனால் கனைத்ததோடு நிறுத்திக்கொண்டார்.

கூட்டம் முடிந்து அலுவலகத்துக்கு வந்ததும் கதவைச் சாத்தினார்.

"தலைவரம்மா, அந்தப் பணம் இருக்கு. ஆனா நமக்கு இல்ல."

"நம்ம ஊராட்சி பேர்லதானே இருக்கு?"

"பேரு நம்மளது. மனசு அவங்களது. குடிதண்ணிக்கும் சுகாதாரத்துக்கும்னு எழுதியே டெல்லியிலேர்ந்து அனுப்புறாங்க. டைடு ஃபண்டு. வேற எதுக்குத் தொட்டாலும் ஆடிட்ல உங்க கையைப் பிடிப்பாங்க."

"எழுதாம வர்ற பணம் ஒண்ணுகூட இல்லியா?"

"கொஞ்சம் இருக்கு. அது தெருவிளக்குக்கும் மோட்டார் காயில் கட்டுறதுக்கும் போயிரும்."

"மாநில அரசு குடுக்குறது?"

"அது நம்ம கைக்கு வர்றதுக்கு முன்னாடியே கரண்டு பில்லுக்கும் கூட்டுக் குடிநீருக்கும் மேலேயே புடிச்சிக்குவாங்க. மிச்சம் வர்றதுல மோட்டார் போடுறவருக்கும் குப்பை அள்ளுறவங்களுக்கும் சம்பளம். அது பத்தாம நான் கடன் சொல்லி வச்சிருக்கேன்."

"அப்ப பாலத்துக்கு?"

"சொந்த வருமானம் இருந்தா போடலாம்ங்க. வீட்டு வரி."

அவர் சொன்ன விதத்தில் கிண்டல் எதுவும் இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது. ஊர் நாறினால் என்னைக் கேட்பார்கள், விளக்கு எரியாவிட்டால் என்னைக் கேட்பார்கள், ஆனால் எதைச் செய்ய வேண்டும் என்பதை மட்டும் எங்கோ ஏ.சி. அறையில் உட்கார்ந்து யாரோ முடிவு செய்வார்கள். கல்யாண வீட்டில் சமையலுக்குப் பொறுப்பு நீதான், ஆனால் உப்பு மட்டும்தான் வாங்கலாம் என்று சொல்லிக் காசு கொடுத்த கதை.

சரி, வீட்டு வரி என்றால் வீட்டு வரி. ரசீது மிஷினைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகக் கிளம்பினேன். "ஓட்டு வாங்கினப்ப கும்புட்ட கையி, இப்ப மிஷின தூக்கிட்டு வருது பாரு" என்று என் முதுகுக்குப் பின்னால் அல்ல, முகத்துக்கு நேரே சொன்னார்கள். அப்பாவே என்னை வாசலில் நிறுத்திவிட்டார்.

"பாலத்தப் போடு, மறுநாள் காலையில வந்து வரி கட்டுறேன். கடையில பொருளப் பாக்காம எவனாவது காசு குடுப்பானா?"

"வரி கட்டினாத்தான்ப்பா பாலம் வரும்."

"பாலம் வந்தாத்தான் ஆயி வரி வரும்."

(இந்தப் பேச்சுவார்த்தை அவர் சாகும்வரை முடியவே இல்லை. இரண்டு தரப்பும் சொன்ன சொல்லில் உறுதியாக நின்றோம்.)

அப்புறம் நடுத்தெருவுக்குப் போனேன். துணைத் தலைவர் கலியபெருமாளின் வீடு மாடி வீடு, முன்னால் கார் நிற்கும் போர்டிகோ, மேலே சோலார். ஊராட்சிக் கணக்கில் அது கூரை வீடு. கூரை வீட்டுக்கு உண்டான வரிதான் அவர் கட்டிக்கொண்டிருந்தார். "ஐயா, திரும்ப அளந்து வரி போடணுங்க" என்றேன். அவர் கோபப்படவே இல்லை. காபி கொடுக்கச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார்.

"போடலாம்மா, அதுக்கென்ன. ஊராட்சிப் பணம் எடுக்க ரெண்டு கையெழுத்து வேணும். ஒண்ணு ஒன்னுது, ஒண்ணு என்னுது. அது மட்டும் ஞாபகம் இருக்கட்டும்."

காபி டம்ளர் பேப்பர் டம்ளர். குடித்துவிட்டு வந்தேன்.

இந்த இடத்தில்தான் என் மூளை வேலை செய்தது. செய்யாமல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே தேவைப்பட்டிருக்காது. ஒரு மத்தியானம், சுகாதாரம், சுகாதாரம் என்று அந்தச் சொல்லையே முறைத்துக்கொண்டிருந்தபோது எனக்குப் பளிச்சென்று தோன்றியது. கழிப்பறை சுகாதாரம். சுகாதாரத்துக்குப் பணம் இருக்கிறது. அந்தக் கழிப்பறையைக் கோரை வாய்க்காலுக்கு அக்கரையில் கட்டினால்? கழிப்பறை என்று ஒன்று இருந்தால் அதற்குப் போக வழி வேண்டாமா? நடுவில் வாய்க்கால் இருந்தால் வழி என்பது பாலம்தானே? அணுகுபாதை என்று ஒரு வரி எழுதினால் போதும், அவர்கள் பணத்தை வைத்தே அவர்களைக் கவிழ்த்துவிடலாம். நானே எழுந்து நின்று எனக்குக் கைதட்டாத குறை.

குணசேகரன் பேனாவைக் கீழே வைத்தார்.

"ஏம்மா, சுடுகாட்டுல போய் யாரும்மா கக்கூஸ் போவா?"

"ஈமக் காரியத்துக்கு வர்றவங்க போவாங்க. எழுதுங்க."

"எழுதிடலாம். ஆனா..."

"ஆனா என்னண்ணே?"

"ஒண்ணுமில்லீங்க. நீங்க படிச்சவங்க."

கலியபெருமாள் கையெழுத்துப் போடுவாரா என்று பயந்தேன். அந்தக் காகிதத்தில் பாலம் என்ற சொல் எங்கேயும் இல்லை. அதோடு, வேலையை எடுக்கப் போகிறவர் அவருடைய மச்சினன் என்பதும் முடிவாகியிருந்தது. (முடிவு செய்தது யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதிகாரம் என்னிடம் இருந்தது என்கிறார்கள்.) எங்கள் சுடுகாட்டுக்கென்று எந்நாளும் அசையாத அவருடைய பேனா அன்றைக்கு ஓடியது.

சித்திரை வெயிலில் வேலை தொடங்கியது. காய்ந்த வாய்க்காலுக்குள் டிராக்டரே இறங்கி ஏறியது. செங்கல் போனது, மணல் போனது, தண்ணீர்த் தொட்டி போனது. கை கழுவும் இடத்துக்கு மேலே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடிகூடப் போனது. சுடுகாட்டில் நின்று யார் தலை சீவப் போகிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை, எஸ்டிமேட்டில் கண்ணாடி இருந்தது, வந்துவிட்டது. ஓவர்சியர் வந்து செல்போனில் படம் பிடித்தார். இடமும் நேரமும் படத்திலேயே விழும் புகைப்படம். "மேடம், நீங்களும் நில்லுங்க, நல்லா இருக்கும்" என்றார். நின்றேன். காய்ந்த வாய்க்காலுக்கு நட்டநடுவே, சேலைத் தலைப்பைச் சரி செய்துகொண்டு, பின்னால் சித்தாள்கள் கல் சுமந்து நடக்க, பல் தெரியச் சிரித்தபடி நின்றேன்.

கட்டடம் முடிந்ததும் அணுகுபாதைக்கு எழுதிப் போட்டோம். பதில் வந்தது. 'தங்களால் அனுப்பப்பட்ட புகைப்படத்தில் பொதுமக்கள் மேற்படி கட்டடத்துக்குத் தடையின்றி நடந்து செல்வது தெரியவருகிறது. எனவே அணுகு வசதி ஏற்கனவே உள்ளது. மேலும் பாலம் என்பது சுகாதாரத்தின் கீழ் வராது.' அந்தப் பொதுமக்கள் நான்தான். என் சிரிப்பை வைத்தே என் பாலத்தை மறுத்துவிட்டார்கள். அதே உறையில், கழிப்பறையைத் திறந்து வைக்க மாவட்டத்திலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் வருகிறார் என்று தேதி போட்டு இன்னொரு கடிதமும் இருந்தது.

நான் ஒரு கணக்குப் போட்டேன். அதிகாரி வரட்டும், வெறும் வாய்க்காலில் நடந்து போய் ரிப்பன் வெட்டட்டும், திரும்பி வரும்போது கரையேற அவருக்கு மூச்சு வாங்கும், அப்போது மனுவை நீட்டிவிடலாம். நல்ல கணக்குதான். திறப்பு விழாவுக்கு முந்தின சாயங்காலம் காவிரி வந்துவிட்டது.

ஊரே வாய்க்கால் கரைக்கு ஓடியது. பெண்கள் பூ போட்டார்கள், பிள்ளைகள் குதித்தார்கள், சிலர் கும்பிட்டு அந்தத் தண்ணீரை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டார்கள். இத்தனை நாளும் கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்று மறியல் செய்த கூட்டத்தில் முதல் வரிசையில் நின்றவள் நான். டெல்டாவில் பிறந்து, காவிரித் தண்ணீர் வந்ததற்காக வயிறெரிந்து நின்ற ஒரே ஆள் அன்று நானாகத்தான் இருப்பேன். ஷட்டர் பார்க்கும் லஸ்கரைத் தேடிப் போய்க் கெஞ்சினேன்.

"அண்ணே, நாளைக்கு மத்தியானம் வரைக்கும் மட்டும் கொஞ்சம் அடைச்சு வைங்களேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தலைவரம்மா, நீங்க இதக் கேட்டீங்கன்னு நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். நீங்களும் சொல்லாதீங்க. வீட்டுக்குப் போங்க."

மறுநாள் பந்தல், நாற்காலி, மைக்செட், கேசரி எல்லாம் இக்கரையில் தயார். கழிப்பறை அக்கரையில் தயார். நடுவில் இடுப்பளவுத் தண்ணீர் சுழித்துக்கொண்டு போனது. ஜீப்பிலிருந்து இறங்கிய அதிகாரி பளபளவென்று பாலிஷ் போட்ட ஷூவோடு கரையோரம் வந்து நின்றார்.

"எங்கேம்மா பில்டிங்?"

நான் கையை நீட்டினேன். அவர் தண்ணீரைப் பார்த்தார், கட்டடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அங்க எப்படிப் போறது?"

கலியபெருமாள் மாலையைக் கையில் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார். அப்போது கூட்டத்துக்குள்ளிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"அக்கரைக்குப் போவ எங்ககிட்ட ஒரு வண்டி இருக்குங்க ஐயா. நாலு பேரு தூக்கிட்டுப் போவாங்க. என்ன, நீங்க படுத்துக்கணும்."

எங்கள் தெரு மொத்தமும் வெடித்துச் சிரித்தது. அதிகாரிக்குப் புரியவில்லை. பக்கத்தில் நின்ற யாரோ காதோடு சொன்னார்கள். புரிந்ததும் அவர் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு நான் கேசரி அண்டாப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இங்கேயே ஒரு ரிப்பனைக் கட்டி வெட்டிவிடலாம் என்றார் ஒருவர். முடியாது, கட்டடத்தில் கட்டிய ரிப்பனை வெட்டுவதுபோலப் படம் வந்தால்தான் பில் பாஸாகும் என்றார் இன்னொருவர். கடைசியில் என் தம்பி முருகன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ரிப்பன் முனையைப் பல்லில் கடித்தபடி வாய்க்காலில் இறங்கினான். ரிப்பன் பாதி வாய்க்காலிலேயே தீர்ந்துவிட்டது. பந்தலில் இருந்த கயிற்றை அவிழ்த்து ஒட்டுப் போட்டோம். அவன் அக்கரை ஏறி, கழிப்பறைக் கதவில் அதைக் கட்டிவிட்டு, ஜட்டி தெரிய ஈர வேட்டியோடு ஓரமாக ஒதுங்கி நின்றான். அதிகாரி இக்கரையில் நின்றபடி வெட்டினார். வெட்டிய ரிப்பன் தொப்பென்று தண்ணீரில் விழுந்து, கதவில் கட்டிய முடிச்சும் அவிழ்ந்து, ஆகாயத்தாமரையைச் சுற்றிக்கொண்டு ஓட்டத்தோடு போனது. எல்லோரும் கைதட்டினோம். அது வேதாரண்யம் பக்கம் போய்க் கடலில் கலந்திருக்கும்.

"இடம் செலக்ட் பண்ணது யாரு?" என்றார் அதிகாரி, மாலையைக் கழற்றியபடி.

"நான்தான் சார்."

"எம்.காம்.னு சொன்னாங்க?"

"ஆமா சார்."

அவர் மாலையை நாற்காலியில் போட்டார். திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலாம் போலிருந்திருக்கும். விட்டால் கிளம்பிவிடுவார் என்று மனுவை நீட்டினேன். "சார், பாலம் மட்டும் குடுத்தீங்கன்னா எல்லாம் சரியாயிரும் சார். எங்களுக்குச் சுடுகாட்டுக்கு வழியே இதுதான்." அவர் மனுவை வாங்கி, படிக்காமலேயே பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்தார்.

"அதான் அதிகாரத்தையெல்லாம் கீழ உங்ககிட்டயே குடுத்தாச்சேம்மா. உங்க சொந்த நிதியில போட்டுக்குங்க."

ஜீப் போய்விட்டது. பந்தலில் கேசரி கொடுத்தார்கள். அப்பா ஒரு தொன்னை நிறைய வாங்கி, என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். "நல்லாருக்கு ஆயி. இந்தக் கெட்டியில பாலம் போட்டிருந்தா நூறு வருஷம் நிக்கும்" என்றார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தலைவர் பந்தலில் அழக் கூடாது என்று இன்னும் கொஞ்சம் கேசரியை வாயில் அடைத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நான் எதைச் செய்தாலும் ஒரே கேள்விதான். ஆன்லைனில் வாங்கிய மிக்சி ஜார் பொருந்தாமல் போனதா? "அக்கரையில கட்டிட்டியா?" மகனுக்கு வாங்கிய சைக்கிள் அவன் உயரத்துக்கு எட்டவில்லையா? "அக்கரையில கட்டிட்டாடா ஒங்கம்மா." சொல்வதற்கு முந்திக்கொள்பவர் எப்போதும் அப்பாதான். நானும் சேர்ந்து சிரிப்பேன். சிரித்துவிட்டு மறுபடி ஒரு மனு எழுதுவேன். எம்.எல்.ஏ.வுக்கு எழுதினேன், வாய்க்கால் யார் பொறுப்போ அந்தத் துறைக்கு எழுதினேன். ஊராட்சி கேட்டால் தருகிறோம் என்றது துறை. ஊராட்சி என்ற முறையில்தான் கேட்கிறேன் என்று எழுதினேன். அப்படியென்றால் ஊராட்சியே செலவை ஏற்குமா என்று கேட்டு எழுதினார்கள்.

அந்தக் கார்த்திகையில் அப்பா இறந்துபோனார். நெஞ்சு வலி. மறுநாள்தான் எடுத்தோம். மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. கோரை வாய்க்கால் கரையைத் தொட்டுக்கொண்டு ஓடியது.

முருகனைத் தனியாகக் கூப்பிட்டேன். "நடுத்தெரு வழியா கொண்டு போவோம்டா. நான் முன்னாடி நடக்குறேன். யாரு மறிக்கிறாங்கன்னு பாப்போம். நான் இந்த ஊரு தலைவர்டா."

அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "வேணாம்க்கா. அப்பாவ நடுரோட்டுல இறக்கி வச்சிட்டு சண்டை போட வேணாம். அவரு அமைதியா போவட்டும்."

தலைவர் என்று எனக்கொரு முத்திரை இருந்தது, கார் கண்ணாடியில் ஒட்டும் ஸ்டிக்கர்கூட அடித்து வைத்திருந்தேன். (கார் கிடையாது.) என் அப்பாவை என் ஊர்த் தெரு வழியாக எடுத்துப் போக அது எதற்கும் உதவவில்லை.

எங்கள் பக்கம் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. வாய்க்கால் கரையோடு நின்றுவிட வேண்டும். மழையில் நனைந்துகொண்டு நின்றேன். முருகனும் சித்தப்பாவும் மற்றவர்களும் பாடையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து இறங்கினார்கள். தண்ணீர் முருகனுக்கு மார்புவரை வந்தது, சித்தப்பாவுக்குக் கழுத்துவரை வந்தது. நடுவாய்க்காலில் பாடை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கரையில் நின்ற பெண்கள் எல்லோரும் ஒரே குரலில் கத்தினோம். நான் அப்பாவைப் பார்க்கவில்லை. அவர்களுக்கு நேர் எதிரே, மழையில் கழுவிவிட்டதுபோல் பளிச்சென்று நின்ற கட்டடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தனை மழையிலும் கல்வெட்டில் என் பெயர் தெரிந்தது.

இருட்டுவதற்குள் திரும்பி வந்தார்கள். முருகன் கரையேறி என் பக்கத்தில் உட்கார்ந்தான். எப்படி எரிந்தது, இந்த மழையில் விறகு பிடித்ததா என்று கேட்க நினைத்தேன். அவனே சொன்னான்.

"வெறகையும் எருவாட்டியையும் நேத்தே தார்ப்பாயில சுத்திக் கொண்டுபோயி ஒன் கக்கூஸுக்குள்ள அடுக்கிட்டோம்க்கா. தண்ணி படாம காஞ்சி கெடந்துச்சு. மேல தகரத்தப் புடிச்சிக்கிட்டோம், நல்லா எரிஞ்சிது." வேட்டி முனையைப் பிழிந்தான். "அப்பாதான் நனைஞ்சிட்டாரு. வெறகு நனையல."

சித்தப்பாதான் முதலில் சிரித்தார். அடக்கப் பார்த்து முடியாமல், இருமலும் சிரிப்புமாகக் குலுங்கினார். அவரைப் பார்த்து அத்தை சிரித்தாள், முருகன் சிரித்தான், ஈரத்துணியோடு கரையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இதைக் கேட்டிருந்தால் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்திருக்கக்கூடிய ஆள் அன்று அங்கே இல்லை என்பது சிரித்து முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அதற்கப்புறம் நான் அழுத அழுகையை யாராலும் நிறுத்த முடியவில்லை.

என் பதவிக்காலம் முடிந்துவிட்டது. அடுத்த தேர்தல் இன்னும் வரவில்லை, ஊரை இப்போது தனி அலுவலர் ஒருவர் பார்த்துக்கொள்கிறார். பாலம் வரவில்லை. அக்கரைக் கேள்வியும் அப்பாவோடு போய்விட்டது, வீட்டில் இப்போது ஓடுவது புதுச் சொலவடை. தெருவுக்குக் குழாய் போட்டு அதில் தண்ணீர் வராமல் போனாலும், பள்ளிக்கூடத்துக்கு டிவி வந்து கரண்டு இல்லாமல் போனாலும், யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "அவரு நனைஞ்சாரு, வெறகு நனையல." அப்பாவைப் பார்த்த ஞாபகமே சரியாக இல்லாத என் சின்ன மகன்கூட இதைச் சொல்லிச் சிரிக்கிறான்.

போன மாதம் தனி அலுவலர் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. நான் கட்டிய சமுதாயக் கழிப்பறை பயன்பாட்டில் இருக்கிறதா என்று மேலே அறிக்கை அனுப்ப வேண்டுமாம், நேரில் போய்ப் பார்க்க வழி இல்லையாம்.

"இருக்கு சார்" என்றேன். "மழைக்காலத்துல நல்லா உபயோகப்படுது. எங்கப்பாவுக்குக்கூட உபயோகப்பட்டுச்சு."

"வெரி குட்" என்று எழுதிக்கொண்டார்.